வார்டா, க்ளெய்ம் மேசையா: ஒரு பார்ம்.டி மாணவியின் கேள்வி

போன வாரம் எங்கள் கல்லூரி ஜூனியர் ஒருத்தி ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். பார்ம்.டி என்ற ஆறு வருட மருந்தியல் படிப்பில் ஐந்தாம் ஆண்டு. "அக்கா, சென்னையில ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியில ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் தர்றோம்னு சொல்றாங்க. க்ளெய்ம்ஸ் டிபார்ட்மென்ட். ஸ்டைபெண்ட் உண்டு. எங்க ஹெச்ஓடி, ஆஸ்பத்திரியை விட்டுட்டு அங்க போய் என்ன பண்ணப் போறேங்கிறார். அப்பா, நல்ல கம்பெனி, விடாதேங்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

அரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகு, சொல்லாமல் விட்டதுதான் அதிகம் என்று பட்டது. படிப்பு முடித்த கையோடு இரண்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம் ஃபைல் பார்த்தவள் நான். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் க்ளினிக்கல் பார்மசிஸ்ட். அவளுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல பேர் இருப்பார்கள்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பார்ம்.டி ஆறாம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பை காப்பீட்டு நிறுவனத்தில் செய்ய முடியாது. இந்தியப் பார்மசி கவுன்சிலின் 2008 ஒழுங்குமுறைப்படி அந்த வருடம் முழுக்க மருத்துவமனைதான்: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். ஆகவே இன்ஷூரன்ஸ் என்பது விடுமுறையிலோ, படிப்பு முடித்து வேலை தேடும் இடைவெளியிலோ நாமாகச் சேர்த்துக்கொள்ளும் அனுபவம். பி.பார்ம் மாணவர்களுக்கு ஆறாம் செமஸ்டர் முடிந்து ஏழாவது தொடங்கும் முன் நான்கு வாரத்தில் 150 மணி நேரப் பயிற்சி என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதற்குச் சொல்லப்பட்டிருக்கும் இடங்கள் மருந்துத் தொழிற்சாலை, மருத்துவமனை, ஆய்வு நிறுவனம், மருந்துக்கடை போன்றவை. காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்றால், அது கணக்கில் சேருமா என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். டி.பார்மில் 500 மணி நேரப் பயிற்சி, மருந்து எடுத்துக் கொடுக்கும் இடத்தில்தான்.

அடுத்தது, சென்னைக்கென்றே சொல்ல வேண்டிய ஒரு எச்சரிக்கை. "ஹெல்த் இன்ஷூரன்ஸ் இன்டர்ன்ஷிப், லைஃப் சயின்ஸ் மாணவர்கள் வரலாம்" என்று வரும் விளம்பரங்களில் நிறைய, உண்மையில் மெடிக்கல் கோடிங் அல்லது பில்லிங் வேலை. அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்பைப் படித்து நோய்க்கான ஐசிடி-10 குறியீடு போடுவது, அங்குள்ள காப்பீட்டு நிறுவனத்தைப் போனில் கூப்பிட்டு பணம் ஏன் வரவில்லை என்று கேட்பது. அது மரியாதையான வேலை, இந்த ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் மருந்தின் டோஸ் சரியா, அந்த நோயாளிக்கு அது தேவையா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அந்த வழியில் போவதென்று முடிவு செய்தால் தெரிந்தே போங்கள். பயிற்சிக்கென்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி உண்மையான இன்ஷூரன்ஸ். அதிலும் ஒரே கதவு இல்லை. நிறுவனமே க்ளெய்மைப் பார்க்கலாம். டிபிஏ எனப்படும் இடைநிலை நிர்வாக நிறுவனம், பல காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சேர்த்துப் பார்க்கலாம். மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் இன்ஷூரன்ஸ் டெஸ்க் இவர்கள் இருவரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். சென்னை இதற்குத் தோதான ஊர்தான். நாட்டின் முதல் தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டார் ஹெல்த் 2006இல் இங்கேதான் தொடங்கியது. பொதுத்துறையில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகமும் இங்கேதான்.

டிபிஏவில் ஃபைல் நிறைய வரும், வகைவகையாக வரும். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருப்பதால், "ஏன் மறுத்தார்கள்" என்பது பெரும்பாலும் உங்கள் காதுக்கு வராது. ஒரு மாணவருக்கு அந்த "ஏன்" தான் பாடமே. இரண்டும் கையில் இருந்தால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவனத்தின் க்ளெய்ம் மேசை என்ன கற்றுத்தரும் என்பதைச் சொல்ல ஒரு ஃபைலைத் திறந்து காட்டுவதுதான் வழி. நான் சேர்ந்த முதல் மாதம். அறுபது வயதுக்காரர், சிறுநீர்த் தொற்று முற்றி செப்சிஸ். சிகிச்சைக்குக் கையிலிருந்து கட்டிவிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்டு மகன் அனுப்பிய காகிதக் கட்டு. பார்மசி பில்லில் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்து, 1 கிராம் வயல் (குப்பி) 21. எட்டு மணி நேரத்துக்கு ஒரு டோஸ் என்றால் ஏழு நாளைக்கு 21, கணக்கு நேராக வருகிறது. ஆனால் நர்ஸ்கள் கையெழுத்திட்ட மருந்துச் சார்ட்டை எண்ணினால் 17தான். என் பக்கத்து மேசையில் "நாலு வயல் அதிக பில்லிங்" என்று, விளக்கம் கேட்கும் க்வெரி கடிதமே தயாராகிவிட்டது.

எனக்கு அந்த 17 உறுத்தியது. லேப் ரிப்போர்ட்டைப் புரட்டினேன். நான்காம் நாள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் க்ரியாட்டினின் 1.1இலிருந்து 2.0க்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் மந்தமானால் மெரோபெனெம் இடைவெளியைக் கூட்ட வேண்டும், எட்டு மணி நேரம் பன்னிரண்டாகும். முதல் மூன்று நாள் 9, அடுத்த நான்கு நாள் 8, மொத்தம் 17. டாக்டர் சரியாகத்தான் குறைத்திருக்கிறார். அப்படியானால் மீதி நாலு வயல் எங்கே? கட்டின் கடைசியில், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் ஸ்டேப்ளரில் மாட்டி மடங்கிக் கிடந்தது ஒரு சின்ன ரிட்டர்ன் சீட்டு: மெரோபெனெம், நான்கு. இறுதி பில்லில் அந்தத் தொகை தனி வரியில் கழிக்கப்பட்டும் இருந்தது. க்வெரி கடிதம் போகவில்லை. போயிருந்தால் அந்த மகன் மறுபடி மருத்துவமனைக்கு அலைந்து, பில்லிங் கவுன்டரில் நின்று, விளக்கக் கடிதம் வாங்கி அனுப்ப இன்னும் சில வாரம் ஆகியிருக்கும்.

21, 17 என்ற எண்களை யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம். க்ரியாட்டினினைப் பார்த்து "அன்றைக்கு டோஸ் மாறியிருக்க வேண்டுமே" என்று தேடிப் போவதற்குப் பார்மசி படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மனப்பாடம் செய்த டோஸ் அட்டவணை, ஒருவருக்குப் பணம் கிடைப்பதையும் கிடைக்காமல் போவதையும் தீர்மானிக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மருந்து விலை பற்றி அங்கே கற்றதை வேறெங்கும் கற்றிருக்க மாட்டேன். ஐந்தாம் ஆண்டில் பார்மகோஎகனாமிக்ஸ், அதாவது மருந்துப் பொருளாதாரம், என்று ஒரு தாள் எழுதுகிறோம். அதில் வரும் செலவுக் கணக்குகள் எல்லாம் காகிதத்தில். க்ளெய்ம் மேசையில் ஒரே ஆன்டிபயாடிக்கை நான்கு மருத்துவமனைகள் நான்கு பிராண்டில், நான்கு விலையில் போடுவது ஒரே வாரத்தில் கண்ணில் படும். விலைக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் மருந்துக்கும் வெளியே இருக்கும் மருந்துக்கும் என்ன வித்தியாசம், எம்ஆர்பி என்ற அச்சடித்த எண்ணுக்குள் எவ்வளவு இடைவெளி ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் புரியும். 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு 30 சதவீத லாப வரம்பை அரசு கொண்டுவந்ததன் அர்த்தம், கீமோ பில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போதுதான் முழுதாக விளங்கும்.

ஆனால் தினமும் இப்படி ஒரு ஃபைல் வரும் என்று நினைத்துப் போகக் கூடாது. பெரும்பகுதி நேரம், பணம் தரப்படாத பொருட்களை பில்லிலிருந்து அடிப்பதில் போகும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 68 பொருட்களை ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது: கையுறை, முகக்கவசம், டயபர், தெர்மாமீட்டர், சர்க்கரை இல்லாத மாத்திரை என்று நீளும். ஆஸ்துமா இன்ஹேலரில் மாட்டும் குழாயான ஸ்பேஸரும் அதில் உண்டு. தனியாக அந்தப் பலன் சேர்க்கப்பட்ட பாலிசி இல்லையென்றால், இவை நோயாளியின் கைக்காசு. குழந்தைக்கு இன்ஹேலரோடு ஸ்பேஸர் வைத்தால்தான் மருந்து நுரையீரலுக்குப் போகும் என்று வார்டில் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தவள், அதே ஸ்பேஸரை பில்லில் சிவப்பு மையால் அடிக்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. இப்போதும் அது மாற வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஒரு நாளைக்கு இத்தனை ஃபைல் என்று இலக்கும் உண்டு. அதே ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைக்குப் பிறகு, நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். நோயாளிக்கு அது பெரிய நிம்மதி. அந்த மேசையில் இருப்பவருக்கு, இன்டர்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்று அர்த்தம். அதனால் மாணவர்கள் கேஷ்லெஸ் பிரிவைக் கேட்காதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வரும் ரீஇம்பர்ஸ்மென்ட் பிரிவையோ ஆடிட் பிரிவையோ கேளுங்கள். அங்கேதான் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க விடுவார்கள்.

இன்னொன்று. இணையத்தில் அமெரிக்க பார்மசி மாணவர்களின் காப்பீட்டு நிறுவன அனுபவங்களைப் படித்துவிட்டு, அதே போல இங்கேயும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அங்கே மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் காப்பீடு பணம் தருவதால், எந்த மருந்தைப் பட்டியலில் வைப்பது, எதற்கு முன் அனுமதி கேட்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் பார்மசிஸ்ட்கள் இருக்கிறார்கள். இங்கே பெரும்பாலான பாலிசி, படுக்கையில் சேர்ந்தால்தான். ஓபி மாத்திரைக்குக் காசு இல்லை, ஆகவே மருந்துப் பட்டியல் போடும் வேலையும் கிட்டத்தட்ட இல்லை. மருந்துப் பட்டியல் எப்படி உருவாகிறது, எவ்வளவு வாங்குவது, எந்தத் தரத்தில் வாங்குவது என்பதில்தான் உங்களுக்கு ஆர்வம் என்றால், 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கு ஒன்றில் நான்கு நாள் நிற்க வாய்ப்புக் கிடைத்தாலும் விடாதீர்கள். ஒரு மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்து வாங்கித் தரும் அமைப்பு அது.

இனி வார்டுக்கு வருகிறேன்.

போன மாதம் எங்கள் பொது மருத்துவ வார்டில் ஒரு அம்மா. இரண்டு காலும் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. வெளியில் யாரோ ஃப்யூரோசமைடு என்ற நீர் மாத்திரை எழுதியிருந்தார்கள், குறையவில்லை. ரவுண்ட்ஸுக்கு முன்னால் என்னோடு இருந்த இன்டர்ன் பையன் கட்டிலுக்குக் கீழே இருந்த மஞ்சப்பையை எடுத்துத் தரச் சொல்லி, மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் படுக்கையில் அடுக்கினான். தனியார் டாக்டர் கொடுத்த ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டையில் டெல்மிசார்டானோடு சேர்ந்து அம்லோடிபின் 5 மி.கி. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த அட்டையிலும் அம்லோடிபின் 5 மி.கி. "ரெண்டும் வேற வேற டாக்டர் குடுத்ததுப்பா, ரெண்டையும் ஒழுங்கா போட்டுக்கிறேன்" என்றார் அந்த அம்மா. தெரியாமலே பத்து மில்லிகிராம் போய்க்கொண்டிருந்தது. அம்லோடிபின் டோஸ் கூடக் கூட கால் வீக்கம் வரும், அதற்கு நீர் மாத்திரை பெரிதாகப் பலன் தராது. டாக்டரிடம் சொன்னோம், அம்லோடிபின் மட்டும் இருந்த அட்டையை நிறுத்தினார்கள்.

இந்த அம்மாவின் க்ளெய்ம் ஃபைலை நான் பழைய மேசையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. மஞ்சப்பை ஃபைலில் இல்லை. மருத்துவமனை பில் போட்ட மருந்து மட்டும்தான் அதில் இருக்கும். அந்த அம்மா வீட்டில் என்ன விழுங்கினார், ஏன் விழுங்கினார், இரண்டு டாக்டரும் ஒருவரை ஒருவர் அறியாமல் எழுதியது எப்படி என்பதெல்லாம் பேச்சில் வருவது. என் தீர்ப்பு இதை வைத்துத்தான்: மஞ்சப்பையைப் பார்க்கத் தெரியாமல் ஃபைலைப் பார்க்கப் போகக் கூடாது. வார்டில் நூறு நோயாளியிடமாவது மருந்து வரலாறு கேட்டுப் பழகியவருக்கு க்ளெய்ம் காகிதத்துக்குப் பின்னால் ஒரு ஆள் தெரிவார். பழகாதவருக்கு அது வெறும் பில்தான், இரண்டு மாதத்தில் அலுத்துவிடும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போகவே வேண்டாம் என்பேன்.

அதே சமயம் ஹெச்ஓடி சொன்னதையும் நான் முழுக்க ஏற்கவில்லை. வார்டில் இருப்பவர்களுக்கு க்ளெய்ம் மேசை தெரியாததால் நோயாளிகள் படும் பாட்டையும் நேரில் பார்த்திருக்கிறேன். கேஸ் ஷீட்டில் இன்டர்ன் ஒருவர் "பத்து வருடமாக ரத்தக்கொதிப்பு" என்று எழுதியிருந்தார். நோயாளி சொன்னது பத்து மாதம். அந்த ஒரு வரி டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் அப்படியே போனது. பாலிசி எடுத்து இரண்டு வருடம்கூட ஆகாதவர். ஏற்கெனவே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பது விதி. பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டார் என்று க்ளெய்ம் நிறுத்தப்பட்டது. பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து, டாக்டரிடம் திருத்தக் கடிதம் வாங்கி, அந்தக் குடும்பம் அதைச் சரிசெய்வதற்குள் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார்கள். வரலாறு கேட்டு எழுதும் வேலை பார்ம்.டி இன்டர்னுடையதும்தான். வருடமா மாதமா என்று இன்னொரு முறை கேட்டிருந்தால் போதும். எங்கள் வார்டுக்கு வரும் ஒவ்வொரு புது இன்டர்னுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

இதனால்தான் யாரும் பேசாத அந்த மூன்றாவது கதவை நான் பரிந்துரைக்கிறேன்: மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க். அதற்கென்று பெயர் போட்ட இன்டர்ன்ஷிப் கிடையாது, சான்றிதழில் கம்பெனி லோகோ வராது. ஆனால் ஆறாம் ஆண்டில் எப்படியும் மருத்துவமனையில்தான் இருக்கப் போகிறீர்கள். மத்தியானம் ரவுண்ட்ஸ் முடிந்து, துறைத் தலைவரிடம் கேட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே போய் உட்காருங்கள். காலையில் கட்டிலில் பார்த்த நோயாளியின் ஃபைல் மாலையில் அங்கே வரும். டிபிஏ என்ன கேள்வி கேட்கிறது, அதற்கு யார் என்ன பதில் எழுதுகிறார்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவருக்கும் தனியார் பாலிசியில் வந்தவருக்கும் மருந்து எழுதுவதில் என்ன வித்தியாசம் வருகிறது என்று பார்க்கலாம். அரசுத் திட்டத்தில் சிகிச்சைக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேக்கேஜ் தொகை. தனியார் பாலிசியில் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இந்த இரண்டும் நடக்கும்.

வேலை வாய்ப்பையும் சொல்ல வேண்டும், அப்பாக்கள் கேட்பது அதைத்தான். க்ளெய்ம் பிரிவில் எம்பிபிஎஸ் டாக்டர்களோடு, ஹோமியோபதி, ஆயுர்வேதம், பல் மருத்துவம் படித்தவர்களும் பார்ம்.டி படித்தவர்களும் இருக்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. வேலை நேரம் நிச்சயம், ராத்திரி டியூட்டி குறைவு. குழந்தை பிறந்த பிறகு வேலையைத் தொடர நினைக்கும் பெண்களுக்கு இது பெரிய விஷயம், நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். மருந்து எதிர்விளைவுகளைப் பதியும் பார்மகோவிஜிலென்ஸ் நிறுவனங்களும் இதே போன்ற அலுவலக வாழ்க்கைதான், அவற்றில் பார்மசிப் படிப்புக்கு நேரடியான மதிப்பு இன்னும் கூடுதல். நீங்கள் தேடுவது அலுவலக வேலை மட்டும் என்றால் முதலில் அங்கே விண்ணப்பியுங்கள்.

ஜூனியரிடம் கடைசியில் சொன்னது: மூன்று கேள்வியை ஹெச்ஆரிடம் மெயிலில் கேள். எந்தப் பிரிவில் உட்கார வைப்பீர்கள்? கேஸ் ஷீட், லேப் ரிப்போர்ட் முழுதாகப் படிக்க அனுமதி உண்டா, பில் மட்டும்தானா? என் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு டாக்டரோ பார்மசிஸ்ட்டோ பக்கத்தில் இருப்பாரா? முழு ஃபைல், பக்கத்தில் ஆள் என்று பதில் வந்தால், ஐந்தாம் ஆண்டுத் தேர்வு முடிந்து ஆறாம் ஆண்டு தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளியில் போய் வா. இரண்டு மாதம் அதிகம், ஒரு மாதம் கேள். அங்கே பார்த்த எந்த நோயாளியின் விவரத்தையும் போட்டோ எடுக்காதே, கல்லூரி செமினாரிலும் காட்டாதே, முதல் நாள் கையெழுத்து வாங்கும் ரகசிய ஒப்பந்தத்தை முழுதாகப் படி.

நேற்று அவளிடமிருந்து மெசேஜ். ஹெச்ஆர் பதில் அனுப்பியிருக்கிறார்: பில் ஸ்கேனிங் பிரிவு, பொருட்களைப் பிரித்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது, கேஸ் ஷீட் பார்க்க அனுமதி இல்லை. "என்னக்கா செய்யட்டும்?" என்று கீழே மறுபடி அதே கேள்வி. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எங்கள் வார்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தர அங்கிருக்கும் அண்ணனிடம் பேசிவிட்டேன்.